கோப்பி இலையும் ஆதியாகமமும்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியொன்றில் ஒலிபரப்பான பேச்சு)



ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, இந்த மலையகத்திலேயே உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டிலே வேதபாடம் நடத்துபவனும் நானே. இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பல வருடங்கள் ஓடின. காரணம், தமிழகத்தார் பரிணாமம் என்றும் நமது பாடநூல்கள் கூர்ப்பு என்றும் சொல்கிற அந்தப் பாடத்தை நான் வகுப்பிலே விரைவாக முடித்துவிடுவேன். ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தை ஜெபவீட்டிலே நிதானமாக வாசிப்பேன். ஒன்றைப் பற்றி மற்ற இடத்திலே வாய் திறப்பதில்லை.

இந்த ஏற்பாட்டை ஒரு மாணவி உடைத்தாள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள். வைத்தியராக வேண்டும் என்பது அவள் கனவு. ஒருநாள் மாலை, அடைமழையிலே, புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையிலே சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"சேர், கூர்ப்புக் கேள்விக்குச் சரியான விடை எழுதினா, கர்த்தரை மறுதலிக்கிற மாதிரியா?"

"யாரு பிள்ளை சொன்னது?"

"ஜெபக்கூட்டத்துல சொன்னாங்க சேர். அப்பா அந்தப் பாடத்தையே விட்டுடச் சொல்றாரு. நீங்க ரெண்டையும் படிச்சவரு. நீங்களே சொல்லுங்க."

என்னிடம் விடை இருக்கவில்லை. நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. பல வருடங்களுக்கு முன்னர் இதே கேள்வியைக் கேட்ட இன்னொரு பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. அவனுக்கு நான், "பரீட்சைக்கு எழுது, மனசிலே நம்பாதே" என்று சொல்லியிருந்தேன். அவன் எழுதினான்; சித்தியடைந்தான்; பல்கலைக்கழகம் போனான். அதன்பின் ஜெபவீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒருமுறை பஸ் நிலையத்தில் கண்டபோது சொன்னான்: "சேர், நீங்க வகுப்பில சொன்னது பொய்யா, பிரசங்கத்தில சொன்னது பொய்யான்னு எனக்குத் தெரியல. ரெண்டுல ஒன்னு பொய்யின்னு மட்டும் விளங்கிச்சு."

மறுநாள் அந்தப் பிள்ளை வந்தபோது, நமது மலைகளின் கதையொன்றையே அவளுக்குச் சொன்னேன்.

தேயிலைக்கு முன்னர் இங்கே கோப்பிக்காலம் இருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியிலே செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதை ஆராய்ந்து, தமது நண்பர் புரூமுடன் சேர்ந்து 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டவர் மைல்ஸ் ஜோசப் பேர்க்லி. அந்தப் பெயரின் பிற்பகுதிக்கு 'பாழாக்குவது' என்று பொருள். பெயருக்கேற்ப அது பாழாக்கியது. தோட்டங்கள் விழுந்தன, கடல் கடந்து வந்த நம் முன்னோர் பலர் வேலையிழந்தனர். கோப்பி போய்த் தேயிலை வந்தது.

அந்தப் பேர்க்லி யார்? அங்கிலிக்கன் சபையின் குருவானவர். ஞாயிறு தோறும் பிரசங்கித்து, மற்ற நாட்களிலே பங்கசுகளை ஆராய்ந்தவர். இதே பேர்க்லியிடம்தான் சார்ள்ஸ் டார்வினின் 'பீகிள்' கப்பல் பயணத்திலே சேகரிக்கப்பட்ட பங்கசுகளும் போய்ச் சேர்ந்தன. அவற்றிலொன்றுக்கு 1842இல் டார்வினின் பெயரையே சூட்டினார். டார்வினின் கொள்கையை அவர் எவ்வளவு தூரம் ஏற்றார் என்பதல்ல இங்கே விஷயம். உருப்பெருக்கியின் கீழே கண்டதை உள்ளபடி எழுதுவது தமது ஊழியத்துக்கு விரோதம் என்று அவர் எண்ணவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. மைசூர்ப் பக்கத்திலே துருவைத் தாங்கும் 'கென்ட்' என்ற கோப்பி வகையொன்று கண்டெடுக்கப்பட்டது. காலப்போக்கிலே அதையும் தாக்கவல்ல துருவின் புதிய வர்க்கம் தலையெடுத்தது. எப்படி? கோடிக்கணக்கான வித்திகள் காற்றிலே பறக்கின்றன. எல்லாம் அச்சொட்டாக ஒன்றுபோல் இருப்பதில்லை. புதுவகை இலைக்குள் நுழைய முடியாதவை மடிகின்றன. தற்செயலான சிறு மாற்றத்தால் நுழையக்கூடியது பெருகுகிறது. இதுதான் இயற்கைத் தேர்வு. மருந்துக்கு அடங்காத பற்றீரியா உருவாவதும் இப்படியே. "இதைப் படிக்காமல் நீ எப்படி வைத்தியராவாய்?" என்று கேட்டேன்.

அவள் விடவில்லை. "துரு மாறுறது சரி சேர். மனுஷன்?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஏசா கிரேயைப் பற்றிச் சொன்னேன். 1859இல் நூல் வெளிவருவதற்கு முன்பே டார்வின் தமது கொள்கையைக் கடிதமாக எழுதியனுப்பிய வெகுசிலரிலே அவர் ஒருவர். அவரே தம்மை டார்வின் வழியினர் என்றும், நைசியா விசுவாசப் பிரமாணத்தை ஏற்றுக்கொள்பவர் என்றும் 1876இல் ஒருசேர அச்சிலே அறிவித்தவர். நமது காலத்திலே, மனித மரபணுத் தொகுதியை வாசித்த திட்டத்தை அமெரிக்காவில் வழிநடத்திய பிரான்சிஸ் கொலின்ஸ், கூர்ப்பை ஏற்கும் சுவிசேஷ விசுவாசி. 2006இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

பிறகு வேதத்தைத் திறந்தோம். ஆதியாகமத்திலே கடவுள் பூமியை நோக்கி, உயிர்களைப் பிறப்பிக்கும்படி கட்டளையிடுகிறார். பூமியும் ஒரு வேலையாளாகிறது. மனிதன் மண்ணிலிருந்து உருவாக்கப்பட்டான் என்கிறது அடுத்த அதிகாரம். எத்தனை காலத்தில், எந்த வழியாக என்று அங்கே அளந்து சொல்லவில்லை. யார் படைத்தார், எதற்காக என்பதே அதன் பேச்சு.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆதாம் ஒரு தனிமனிதனா, மனிதகுலத்தின் பெயரா என்பதில் விசுவாசமுள்ள அறிஞர்களே பிரிந்து நிற்கிறார்கள். அதைவிடக் கடினமானது வேதனை பற்றிய கேள்வி. டார்வின் 1851இல் தமது பத்து வயது மகளைப் பறிகொடுத்தவர். புழுவின் உடலுக்குள் இருந்தபடி அதைத் தின்று வளரும் குளவியினத்தை, நல்ல கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பாரா என்று 1860இல் கிரேக்கு எழுதினார். பீலிக்கரையிலும் லயக்காம்பராவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த நமது தாய்மாருக்கும் அது புதிய கேள்வியல்ல. அதற்கு எனது அறிவியலிலே விடையில்லை. சிலுவையிலே தாமும் வேதனைப்பட்ட ஒருவரை நோக்கி அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதே எனது விசுவாசம்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். கொடுத்த தேநீரைக் குடிக்காமலே கேட்டார்: "அப்போ எங்களைப் படைச்சது யாரு சேர்?"

"கர்த்தர்தான் அண்ணே. எப்படிப் படைச்சாருன்னுதான் புள்ள படிக்குது."

அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர் ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, "படிக்கட்டும்" என்று எழுந்தார். எனது கருத்தை அவர் ஏற்றாரா? இல்லை. மகளை மட்டும் தடுக்கவில்லை.

அந்த ஞாயிறு, வகுப்பிலே சொன்னதையே ஜெபவீட்டிலும் சொன்னேன். இரண்டு குடும்பங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன. அந்த வெற்றிடம் இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆனால் அன்றைய தினம் கடைசி வாங்கிலே ஒருவன் வந்து அமர்ந்திருந்தான். பஸ் நிலையத்தில் என்னைக் கேட்ட அதே பையன். யார் சொல்லி வந்தானோ! கூட்டம் முடிந்ததும் பேசாமலே போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தான்.