ஒரு குழி, இரண்டு மோட்டார்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தையல் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால பேசினவங்க கடன், வட்டி, சந்தைன்னு பேசினாங்க. என்னை மட்டும் தண்ணி இறைக்கிற மோட்டாரைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. சிரிக்காதீங்க. எங்க குழுவோட ஒரு வருஷ உழைப்பு ஒரே சாயங்காலத்துல தண்ணிக்குள்ள போனதுக்குக் காரணமே அந்த மோட்டார்தான்.

2024-ஆம் வருஷம் அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. வைகைக்கு வடகரையில, ஒரு கட்டடத்தோட அண்டர்கிரவுண்டு அறையில எங்க தையல் கூடம். வாடகை குறைவுன்னு எடுத்தோம். ஆறு படி இறங்கணும். மூலையில ஒரு குழியும் அரை குதிரைத்திறன் மோட்டாரும் ஏற்கெனவே இருந்தது. "தண்ணி வந்தா சுவிட்சைப் போட்டா போதும்மா"ன்னு சொன்னாங்க. நாங்களும் நம்பினோம்.

அன்னைக்கு மதுரையில ஒரே நாள்ல 9.8 செ.மீ. மழை. அதுல 4.5 செ.மீ. கால் மணி நேரத்துல கொட்டினதுன்னு அரசு அறிவிப்புல சொன்னாங்க. செல்லூர், கட்டபொம்மன் நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. மழை வலுத்ததும் கரண்ட் போச்சு. தண்ணி நிக்கிற தெருவுல மின்சாரத்தை நிறுத்தத்தான் வேணும், அது தப்பில்லை. ஆனா மோட்டார் எந்த நேரத்துக்கு வேணுமோ அந்த நேரத்துல அது வெறும் இரும்பாக் கிடந்தது. படி வழியா ஒரு தண்ணி, கழிப்பறை ஓட்டை வழியா ஒரு தண்ணி. முழங்கால் வந்துருச்சு. ஏழு பேரும் மெஷின் தலையைக் கழட்டிக் கழட்டி மேல தூக்கினோம். துணிப் பொதியைத் தூக்க முடியலை. தைச்சு முடிச்ச நைட்டி எல்லாம் சாக்கடைத் தண்ணியில மிதந்தது.

ஆர்டர் போச்சு. தவணை நிக்குமா? எங்க தங்கச்சி ஒருத்தி கம்மலை அடகு வெச்சுத் தன் பங்கைக் கட்டினா. குழுப் பேருக்கு ஒரு தவணைகூடத் தவறலை. ஆனா அந்தக் கம்மல் இன்னும் மீளலை. அவளுக்காகத்தான் நான் இந்த மைக்கைப் பிடிச்சிருக்கேன்.

தண்ணியை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. தல்லாகுளம், பீபிகுளம், மாடக்குளம், செல்லூர் கண்மாய், வண்டியூர் கண்மாய்... நம்ம ஊர்ப் பேரைச் சொன்னாலே தண்ணி எங்க இருந்ததுன்னு தெரியும். தண்ணி தன் பழைய வீட்டைத் தேடி வருது. ரோடு போடப் போட உயருது, நம்ம வாசல் பள்ளமாகுது. செல்லூர் கண்மாயில இருந்து வைகைக்கு 290 மீட்டருக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய்னு அரசு அறிவிச்சது. பெரிய வேலையை அவங்க பார்க்கட்டும். நம்ம நடைக்கு உள்ள இருக்கிற வேலையை நாமதான் பார்க்கணும்.

முதல்ல கணக்கு. நம்மகிட்ட கணக்குக்குப் பஞ்சமா? ஆயிரம் சதுர அடி மாடியில 1 செ.மீ. மழை பெய்தா ஏறத்தாழ 930 லிட்டர். அன்னைக்குப் பெய்த 4.5 செ.மீ.க்கு 4,000 லிட்டருக்கு மேல, அதுவும் கால் மணி நேரத்துல. நிமிஷத்துக்கு 100 லிட்டர் இறைக்கிற மோட்டார் அந்த நேரத்துல 1,500 லிட்டர்தான் இறைக்கும். அதனால மாடித் தண்ணி கீழ்த்தளத்துப் பக்கம் வரவே கூடாது. குழாய் போட்டு மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ, தெரு வாய்க்காலுக்கோ திருப்பணும். படி வாசல்ல ரோட்டை விட ஒரு அடி உயரமா ஒரு தடுப்புக் கட்டணும். நாலு வரிசைச் செங்கல், நல்ல பூச்சு, அவ்வளவுதான். தண்ணியை உள்ள விட்டு இறைக்கிறதை விட, விடாம இருக்கிறதுதான் லாபம்.

அதையும் மீறி வர்ற தண்ணிக்குத்தான் குழி. தரையிலேயே தாழ்வான மூலையில ரெண்டடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி ஆழம். மேல கம்பி மூடி போடணும். துணித் துண்டும் நூலும் போனா மோட்டார் அடைச்சுக்கும். தையல்காரங்க இதை மறக்கக் கூடாது. மோட்டாரோட மிதவை சுவிட்ச் இருக்கணும். தண்ணி ஏறினா தானே ஓடும், இறங்கினா தானே நிக்கும். வெளியே போற குழாயில ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேணும். இல்லாட்டி வெளியேத்தின தண்ணியே திரும்பி வரும். கழிப்பறைக் குழாய்க்கும் அப்படி ஒரு வால்வு வேணும். இறைச்ச தண்ணியைப் பாதாளச் சாக்கடையில விடாதீங்க. மழை நாள்ல அது ஏற்கெனவே நிறைஞ்சிருக்கும், அடுத்த வீட்டுக்குள்ள பொங்கும்.

இப்போ ரெண்டாவது மோட்டார். அதே குழியில அரை அடி உயரத்துல வைக்கணும். முதல் மோட்டார் ஓடலைன்னாலோ, அதால முடியலைன்னாலோ, தண்ணி அந்த உயரத்துக்கு வந்ததும் இது ஓடும். முக்கியமா, இதுக்கு வேற மின்சாரம் இருக்கணும். நாங்க இன்வெர்ட்டரில கொடுத்திருக்கோம். நல்ல நிலையில இருக்கிற 150 ஆம்பியர் பேட்டரி ஒண்ணு, சின்ன மோட்டாரைச் சுமார் ரெண்டு மணி நேரம் ஓட்டும். மோட்டார் கிளம்பும்போது கூடுதலா இழுக்கும், அதனால நம்ம இன்வெர்ட்டர் தாங்குமான்னு எலக்ட்ரீசியனைக் கேட்டுட்டு வாங்குங்க. இன்வெர்ட்டரும் பேட்டரியும் மேல் தளத்துல இருக்கட்டும். கீழ வெச்சா அதுவும் சேர்ந்து முழுகிரும்.

விடிய விடிய மழைன்னா பேட்டரி போதாது. அதுக்குப் பெட்ரோல் பம்ப்செட். வயக்காட்டுல ஆயில் என்ஜின் பார்த்து வளர்ந்த அக்காமாருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒண்ணு மட்டும்: என்ஜினைக் கீழ்த்தளத்துக்குள்ள, மூடின அறைக்குள்ள வெச்சு ஓட்டவே கூடாது. அந்தப் புகை வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும். என்ஜின் வெளிய, குழாய் மட்டும்தான் உள்ள.

இன்னொண்ணு: தண்ணி நிக்கிற இடத்துல காலை வெச்சுக்கிட்டுச் சுவிட்சைத் தொடாதீங்க. மெயின் சுவிட்ச், பிளக் எல்லாம் இடுப்புக்கு மேல இருக்கட்டும். ஷாக் அடிச்சா உடனே கட் ஆகிற பிரேக்கர் கட்டாயம். துணி போனா வாங்கிக்கலாம், ஆள் போனா வாங்க முடியாது.

மோட்டார் இருந்தா மட்டும் போதாது, பார்த்துக்கணும். மாசம் ஒரு தடவை, குழுக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு, குழியில தண்ணியை ஊத்தி ரெண்டு மோட்டாரும் ஓடுதான்னு பார்க்கிறோம். யார் பார்த்தாங்கன்னு தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுறோம். புரட்டாசியிலேயே குழியைத் தூர் வாரிருவோம். கணக்கு நோட்டு, பாஸ்புக் எல்லாம் மேல்மாடி பீரோவுக்குப் போயிருச்சு.

போன ஐப்பசியில ஒரு ராத்திரி நல்ல மழை. கரண்ட் போச்சு. நான் குடையோட ஓடினேன். படியில நின்னு காதைக் கொடுத்தா, இருட்டுக்குள்ள இருந்து ரெண்டாவது மோட்டார் ஓடுற சத்தம். தரையில ஈரம்கூட இல்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதுட்டேன்.

மதுரை மாவட்டத்துப் பெண்களுக்கு இது புதுசில்லை. கண்மாய் மீன் குத்தகையைக் கூலி வேலை பார்க்கிற பெண்களே எடுத்து நடத்தலாம்னு காட்டினவங்க நம்ம பத்மஸ்ரீ சின்னப்பிள்ளை அம்மா. கண்மாயையே நிர்வாகம் பண்ணின வம்சம், ஒரு குழியை நிர்வாகம் பண்ண மாட்டோமா?

அதனால கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ரெண்டு. தாழ்வான தெருவுல இருக்கிற குழுக்களுக்குப் பொதுவா ஒரு பெட்ரோல் பம்ப்செட் வாங்கணும். ஒரு குழுவால தனியா முடியாது, பத்துக் குழு சேர்ந்தா முடியும். ரெண்டாவது, கீழ்த்தளத்துல தொழில் பண்ற குழுவுக்குக் கடன் கொடுக்கும்போது, "குழி இருக்கா, ரெண்டாவது மோட்டார் இருக்கா"ன்னு கேட்டுட்டு, அதுக்கான பணத்தையும் சேர்த்தே கொடுங்க. மெஷினுக்குக் கடன் கொடுத்துட்டு அதைக் காப்பாத்துறதுக்குக் கொடுக்கலைன்னா, கட்டுறது ஒரு கம்மலாத்தான் இருக்கும்.