காதையும் ஒருமுறை சோதிச்சுப் பாருங்க



பார்வை மங்குனா உடனே கண்ணாடி போடுறோம். காதை எத்தனை பேர் சோதிச்சிருக்கோம்?

ஒரே வயதினருக்கும் கேட்கும் திறன் ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு 20 முதல் 69 வயது வரையிலானவர்களைச் சோதித்தது. பெண்களைவிட ஆண்களிடம் கேட்புக் குறைபாடு ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. வெள்ளை இனத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் குறைவாக இருந்தது. வேலையிட இரைச்சல் ஒரு காரணம். ஆனால் எல்லா வேறுபாட்டையும் அது மட்டுமே விளக்கிவிடாது.

பிறப்பை நாம மாத்த முடியாது. சத்தத்தைக் குறைக்கலாமே! வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை இதுதான். இயர்போன் போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் தெரியும். பேச்சு நல்லாவே கேட்கும். அதனால் நமக்குத் தெரியாது. உள்காதின் நுண்மயிர் செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது.

காதில் இரைச்சல், கூட்டத்தில் பேச்சு புரியாமை, டிவி சத்தத்தை அடிக்கடி கூட்டுவது. இதில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். "ஆடியோகிராம் எடுக்கணும்"னு கேளுங்கள், வலியில்லாத சோதனை.

ஒரு காது திடீர்னு கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்காதீங்க. அன்றைக்கே போங்கள், சிகிச்சைக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.