கம்ப்யூட்டரில் காணாமல் போன கணக்கு

(பட்டுக்கோட்டையில் நடந்த குழு ஊக்குநர், கணக்காளர் கூட்டத்தில் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏத்தி வச்ச குழுக் கணக்கைக் காணோம், என்ன செய்யறதுன்னு ரெண்டு மூணு குழுவிலிருந்து கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் நாம் கையால் எழுதுகிறோம். அதோடு, படிச்ச பிள்ளை இருக்கிற வீட்டில் கம்ப்யூட்டரிலும் ஏத்தி வைக்கிறோம். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்ச பிறகு இந்த வழக்கம் நம்ம கிராமங்களுக்கும் வந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடிச்சதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை சாஞ்சதோடு போகலை. கூரை பறந்த வீட்டில் காகிதமெல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு. கணக்கு ரெண்டு இடத்தில் இருக்கிறது நல்லதுதான்.

ஆனா கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்கைக் காணோம்னா ஊர்ல என்ன பேச்சு வரும்? "ஃபைலைக் காணோம்"னு சொல்ல மாட்டாங்க, "பணத்தைக் காணோம்"னுதான் கிளம்பும். கணக்கு எழுதின பொண்ணு தலையில் விழும். உள்கடன் வாங்கினவங்க "நான் கட்டிட்டேன்"பாங்க, வங்கியில் அடுத்த கடனுக்குத் தணிக்கை கேட்பாங்க. அதனால தேடிப் பார்க்கிறதுக்கு முன்னாடி யார் மேலயும் பழி போடாதீங்க. நாங்கள் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஃபைல் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயேதான் இருந்தது.

முதல் வேலை, அந்தக் கம்ப்யூட்டரில் புதுசா எதையும் ஏத்தாமல் நிறுத்துவது. படம், பாட்டு எதுவும் வேண்டாம். ஏன்னா, ஒரு ஃபைலை அழிச்சா அது உடனே போயிடறதில்லை. அறுத்த வயல்ல தாள் நிக்கிற மாதிரி உள்ளேயே நிக்கும். மறுபடி உழுது சேறடிச்சாத்தான் போகும். அந்த உழவு நாம புதுசா ஏத்துற பாட்டும் படமும்தான். (இப்போ வர்ற எஸ்.எஸ்.டி. வகை மடிக்கணினியில் இது பொருந்தாது. அழிச்சது பெரும்பாலும் அழிஞ்சதுதான்.)

அடுத்து ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்க. அங்கே இருந்தா அதன் மேல் ரைட் கிளிக் செஞ்சு ரெஸ்டோர் கொடுத்தா பழைய இடத்துக்கே போயிடும். பென் டிரைவிலிருந்து அழிச்சது மட்டும் அங்கே வராது.

அங்கேயும் இல்லைன்னா தேடல் பெட்டி. என்ன பேரில் தேடறதுங்கிறதுதான் சிக்கல். பிள்ளைங்க அவசரத்தில் பேரே வைக்காமல் சேமிச்சிருப்பாங்க. எக்ஸெல் தானாவே "புக் 1"னு வச்சிருக்கும், அந்தப் பேரைப் போட்டுத் தேடுங்க. பேரே தெரியலைன்னா தேதியை வச்சுப் பாருங்க. கூட்டம் நடந்த தேதி தீர்மானப் புத்தகத்தில் இருக்குமே! அன்னைக்கும் மறுநாளும் மாத்தப்பட்ட ஃபைல்களை மட்டும் பார்த்தா போதும். வாட்ஸப்பில் வந்ததுன்னா டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் பலதில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ்னு ரெண்டும் இருந்தது. லினக்ஸில் சேமிச்சதை விண்டோஸில் எவ்வளவு தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது. மூடித் திறக்கும்போது மற்றதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க.

இப்போ ரொம்பப் பேர் ஏமாறுகிற இடத்துக்கு வருவோம். தமிழில் அடிச்ச பழைய கணக்கைத் திறந்தா ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமா கிறுக்கலாத் தெரியும். "கெட்டுப் போச்சு"ன்னு அழிச்சிடறாங்க. அது கெடலை. முன்னாடி வானவில் மாதிரி ஆளுக்கொரு எழுத்துருவில் அடிச்சாங்க. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமா ஏத்துக்கிட்டது. எந்த எழுத்துருவில் அடிச்சதோ அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தா கணக்கு பளிச்சுன்னு வந்துடும். அடிச்சுக் கொடுத்த டி.டி.பி. கடையில் கேட்டாலே சொல்வாங்க. இப்போ அடிக்கிற யூனிகோடு தமிழில் 'சந்தா'ன்னு தேடினா அந்தப் பழைய ஃபைல் சிக்காது. ஆனா எண்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால குழுவின் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுத் தேடலாம். கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமையா இருங்க.

பென் டிரைவைத் திறந்தா ஒண்ணுமே இல்லை, ஆனா பாதி இடம் நிரம்பியிருக்குன்னு காட்டுதா? வைரஸ் ஃபைலை மறைச்சிருக்கலாம். வியூவுக்குப் போய் ஹிட்டன் ஐட்டம்ஸைத் தொட்டுப் பாருங்க. அப்பவும் வரலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. ஷார்ட்கட்டாத் தெரியறதை மட்டும் கிளிக் செய்யாதீங்க.

கடைக்குக் கொண்டு போனா "ஃபார்மட் பண்ணித் தர்றேன்"னு சொல்வாங்க. முதல்ல ஃபைல் வேணும், ஃபார்மட் வேண்டாம்னு அழுத்தமாச் சொல்லுங்க. ரெக்குவா, போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள் இருக்கு. அதை அதே டிஸ்கில் ஏத்தக் கூடாது. மீட்டதையும் வேற பென் டிரைவில்தான் வாங்கணும்.

எல்லாம் செஞ்சும் கிடைக்கலையா? அப்பவும் கணக்கு போகலை. வங்கி வரவு செலவு விவரத்தை வங்கியில் வாங்கலாம். ஒவ்வொரு உறுப்பினரின் பாஸ் புத்தகத்திலும் சந்தாவும் கடனும் இருக்கு, தீர்மானப் புத்தகத்தில் யாருக்கு எவ்வளவுன்னு கையெழுத்தோடு இருக்கு. இந்த மூணையும் விரிச்சு வச்சு எல்லாரும் உட்கார்ந்தா கணக்கைத் திரும்ப எழுதிடலாம். அதுக்கு ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆகும், ஆனா எல்லார் முன்னாடியும் எழுதறதால பின்னாடி பேச்சு வராது. கணக்காளரைத் தனியா உட்கார வச்சு எழுதச் சொல்லாதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு மடிக்கணினி வச்சிருக்கிறவங்க கொண்டு வாங்க, சார்ஜரையும் மறக்காம எடுத்துக்கிட்டு வாங்க. குழுவுக்கு ரெண்டு பேர் வரணும். கணக்கு எழுதறவங்க ஒருத்தர், இதுவரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடாதவங்க ஒருத்தர்.