இல்லாத கை ஏன் வலிக்கிறது?

(குர்லாவில் மாலை வகுப்பில் பேசிய பேச்சு)



நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். டாக்டர் இல்லை. ஆனாலும் இன்று மூளையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏன் என்றால், நம் வகுப்பில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்.

அந்த அண்ணாச்சியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தார். தகரத்தை உள்ளே வைக்கும்போது மெஷின் இறங்கிவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

போன மாதம் வகுப்பு முடிந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, கையே இல்லை. ஆனால் ராத்திரியில் கட்டைவிரல் வலிக்குது. உள்ளங்கை அரிக்குது. சொறியலாம் என்றால் அங்கே ஒன்றும் இல்லை. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். இப்போது சொல்கிறேன். அண்ணாச்சி, உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை இழந்தவர்களில் மிகப் பலருக்கு இப்படி இருக்கிறது.

இது எப்படி? நம் குர்லா ஸ்டேஷனைப் பாருங்கள். எத்தனை தண்டவாளங்கள்! எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று சிக்னல் அறையிலிருந்து உத்தரவு வருகிறது. மழையில் ஒரு தடம் அரித்துப்போனது என்று வையுங்கள். அந்தத் தடத்தில் வண்டி ஓடாது. ஆனால் சிக்னல் அறை இருக்கிறது. அந்தத் தடத்துக்கான விளக்கும் விசையும் அங்கே அப்படியே இருக்கின்றன.

நம் மூளைதான் அந்தச் சிக்னல் அறை. அதன் எடை சுமார் 1,400 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. கைக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம், உதட்டுக்கு ஓர் இடம் என்று மூளையில் தனித்தனி இடம் உண்டு. வலது கைக்கான இடம் மூளையின் இடது பக்கம் இருக்கிறது. மெஷின் கையைத்தான் எடுத்தது. மூளையில் கைக்கு உள்ள இடத்தை எடுக்கவில்லை. அந்த இடம் இன்னும் வேலை செய்கிறது. அதனால்தான் இல்லாத கை இருப்பதுபோல் தெரிகிறது.

வி. எஸ். ராமச்சந்திரன் என்று ஒரு தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சி செய்தார். 1990-களில் இந்த வலிக்கு ஓர் எளிய வழியைச் சொன்னார். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நெஞ்சுக்கு நேராக நிறுத்த வேண்டும். நல்ல கையைக் கண்ணாடியின் முன்னால் வைத்து அசைக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் உருவம், இழந்த கை திரும்ப வந்து அசைவதுபோல் இருக்கும். மூளைக்கு அது ஆறுதல். சிலருக்கு வலி குறைகிறது. எல்லோருக்கும் குறைவதில்லை. ஆனால் இதற்கு ஒரு கண்ணாடி போதும்.

சரி, இன்னொரு கேள்வி. கையை அசை என்று மூளை இன்னும் உத்தரவு கொடுக்கிறது. அந்த உத்தரவை யாராவது காது கொடுத்துக் கேட்க முடியுமா? கேட்டு, அதை ஒரு செயற்கைக் கைக்குச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்கு உழைத்த ஒரு பேராசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் படித்த இடம் நமக்குத் தூரம் இல்லை. இங்கிருந்து சாகிநாக்கா தாண்டிப் போனால் பவாய். அங்கே ஐ.ஐ.டி. இருக்கிறது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் அந்தப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் வருகிறார்கள். அங்கே படித்து 1974-இல் பொறியியல் பட்டம் பெற்றவர் நிதீஷ் தாக்கோர்.

அவர் படித்தது மின்சாரப் படிப்பு. பிறகு அமெரிக்கா போனார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1981-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1983-இல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். மருத்துவத்துக்கு வேண்டிய கருவிகளை உண்டாக்கும் பொறியியல்தான் அவருடைய துறை. உயிர் மருத்துவப் பொறியியல் என்று அதைச் சொல்வார்கள்.

மின்சாரம் படித்தவருக்கு உடம்பில் என்ன வேலை? நம் உடம்பிலும் மின்சாரம் ஓடுகிறது. இதயம் துடிக்கும்போது மெல்லிய மின்சாரம் உண்டாகிறது. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பது அதைப் பார்க்கத்தான். தாக்கோர் முதலில் இதயத்தின் மின்சாரத்தை ஆராய்ந்தார். பிறகு மூளையின் மின்சாரத்துக்கு வந்தார்.

மூளையின் நரம்பு அணுக்கள் மின்சாரத் துடிப்புகளால்தான் பேசிக்கொள்கின்றன. அந்தத் துடிப்பு மிக மிகச் சிறியது. அதைக் கேட்க முடியைப் போன்ற மெல்லிய கம்பிகளை மூளையில் பதிக்கிறார்கள். அல்லது மெல்லிய தாள் போன்ற ஒன்றை மூளையின் மேல் விரிக்கிறார்கள். துடிப்புகள் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வருகின்றன.

ஆனால் துடிப்பு கேட்டால் மட்டும் போதுமா? அது என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமே! நீங்கள் முதல் நாள் வகுப்புக்கு வந்தபோது எழுத்துகள் எப்படித் தெரிந்தன? வெறும் கோடும் சுழியுமாகத் தெரிந்தன. பிறகு இது 'ப', இது 'ம' என்று பிரித்துப் பார்த்தீர்கள். கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் பழக்க வேண்டும். இந்தத் துடிப்பு வந்தால் கட்டைவிரல், அந்தத் துடிப்பு வந்தால் சுண்டுவிரல் என்று பிரிக்கக் கற்பிக்க வேண்டும். தாக்கோரும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் செய்த வேலைகளில் இது முக்கியமானது.

குரங்குகளின் மூளையில் பதிவான துடிப்புகளை வைத்து, எந்த விரல் அசைகிறது என்று கண்டுபிடித்து 2008-இல் எழுதினார்கள். 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சிக் குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. அந்தக் குழுவில் தாக்கோரும் ஒருவர். வலிப்பு நோய் சிகிச்சைக்காக ஒருவருக்கு மூளையின் மேல் மெல்லிய தாள் வைத்திருந்தார்கள். அதில் 128 சின்ன உணர்கருவிகள் இருந்தன. அவர் தன் விரலை அசைக்க நினைத்தபோது, தனியாக நின்ற செயற்கைக் கையின் விரல் அசைந்தது. நூறு தடவைக்கு 76 தடவை சரியான விரல் அசைந்தது.

2018-இல் தாக்கோரின் குழு இன்னொன்றைச் செய்தது. துணியும் ரப்பரும் சேர்த்து ஒரு செயற்கைத் தோல் செய்தார்கள். அதைச் செயற்கைக் கையின் விரல் நுனியில் மாட்டினார்கள். அது தொட்ட சேதியை, மீதி இருக்கும் கையின் நரம்புகளுக்கு மெல்லிய மின்சாரமாகக் கொடுத்தார்கள். இதற்கு மூளையைத் திறக்க வேண்டியதில்லை. கை இழந்த ஒருவர், தன் இல்லாத விரலில் தொடுவதை உணர்ந்தார். கூர்மையான பொருளைத் தொட்டபோது வலியையும் உணர்ந்தார்.

வலி எதற்கு என்று கேட்பீர்கள். சுடும் பாத்திரத்தைத் தொட்டால் கையைச் சட்டென்று எடுக்கிறோம் அல்லவா? வலிதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

இதைக் கேட்டதும் அண்ணாச்சி, "எங்கே கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும். மூளையில் கம்பி பதித்து ஓட்டும் கை கடையில் கிடைக்காது. இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. மண்டையைத் திறக்க வேண்டும். சீழ் பிடிக்கலாம். நாள் போகப் போகக் கம்பியில் துடிப்பு மங்கலாம். செலவும் மிக அதிகம். வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் இன்றே செய்யக்கூடியது உண்டு. ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கைக் கை, கால் செய்து கொடுத்துப் பழக்குகிறார்கள். அண்ணாச்சியை அங்கே கூட்டிப் போகப் போகிறேன். கண்ணாடிப் பயிற்சியைப் பற்றியும் அங்குள்ள டாக்டரிடம் கேட்போம்.

கடைசியாக ஒன்று. விபத்து நடந்த மறுவாரம் பட்டறையில் ஒரு தாளை நீட்டினார்களாம். இடது கட்டைவிரலால் ரேகை வைத்துவிட்டு வந்தார். 'என் கவனக்குறைவால்தான் நடந்தது, எனக்கு எதுவும் வேண்டாம்' என்று அதில் எழுதியிருந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கேட்க நம் நாட்டில் 1923 முதலே சட்டம் இருக்கிறது. படிக்கத் தெரியாததால் அது அவருக்கு உதவவில்லை.

இப்போது அவர் இடது கையால் எழுதுகிறார். 52 வயதில் மூளை ஒரு புதிய கைக்கு எழுத்தைப் பழக்கிவிட்டது. வயதாகிவிட்டது, இனிமேல் எங்கே ஏறும் என்று சொல்கிறவர்கள் அவருடைய நோட்டைப் பாருங்கள்.

அந்தத் தாள் மராத்தியில் இருந்ததாம். நேற்று என்னிடம் வந்து சொன்னார்: "டீச்சரம்மா, தமிழ் முடிந்ததும் மராத்தி எழுத்தும் சொல்லிக் கொடு."

எனக்குத் தெரிந்த மராத்தி கொஞ்சம்தான். சேர்ந்து படிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள்.