தேய்ந்த காசும் துலக்கிய காசும்

(தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் சட்டைப் பையிலும் முந்தானை முடிச்சிலுமே இருக்கின்றது. அது சில்லறைக் காசு. காசைச் சேமிக்க வேண்டும் என்று அறிவுரை கூற வந்திருப்பதாக எண்ண வேண்டா. அதனைப் பலமுறை கேட்டுவிட்டீர்கள். காசு எவ்வாறு தேய்கின்றது, தேய்ந்த காசை நாணயம் சேகரிப்போர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதே நமது பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நமது உரை முடிந்தபின், மூதாட்டி ஒருவர் துணி முடிச்சொன்றை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஐந்து பெரிய வெள்ளி நாணயங்கள் இருந்தன. ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை பொறித்த, 1903, 1904 ஆம் ஆண்டுகளின் டாலர்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்களாக இருந்த காலத்தில், பம்பாய் நாணயச் சாலையில் அடிக்கப்பட்டு இங்கு வந்தவை அவை. மாமியார் வழியாக அவருக்குக் கிடைத்த சொத்து. பேத்தியின் படிப்புச் செலவுக்காக விற்கலாம் என்று நகருக்குக் கொண்டு சென்றிருக்கிறார். அதற்கு முதல் நாள் புளியும் சாம்பலும் இட்டு, தேங்காய் நாரினால் பளபளவெனத் துலக்கியிருக்கிறார்.

"கறுத்துக் கெடந்துச்சுங்க வாத்தியாரய்யா, அழுக்கோட குடுக்கலாமா?" என்றார். கடைக்காரர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, வெள்ளியின் எடைக்குரிய விலையை மட்டும் கூறினாராம். ஏழை என்று ஏமாற்றப் பார்த்தார் என அம்மையார் மனம் நொந்தார். நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். பின்னர் இத்துறை அறிந்தவர்களிடம் விசாரித்தபோதுதான் உண்மை விளங்கியது. துலக்கிய நாணயத்துக்கு அவர் சொன்னது நியாயமான விலைதான். துலக்காதிருந்தால் மேலும் கிடைத்திருக்கும்.

இது ஏன் என்று பார்ப்போம். ஒரு காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பு சற்று மேடாக இருக்கும். அஃது அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. உராய்வைத் தான் ஏற்று, உள்ளே இருக்கும் உருவத்தைக் காக்கும் வேலி அது. ஆயினும் காசோடு காசு உரசி, கல்லாப் பெட்டியிலும் பையிலும் புரண்டு, உருவத்தின் மேடான பகுதிகள் முதலில் மழுங்குகின்றன. மன்னர் தலையாயின் கன்னமும் தலைமுடியும். 1967இல் நமது பேங்க் நெகாரா வெளியிட்ட முதல் வரிசைக் காசாயின் நாடாளுமன்றக் கட்டடத்தின் நுண்ணிய கோடுகள்.

அந்த வரிசையில் 5 சென் முதல் 50 சென் வரை செம்பும் நிக்கலும் கலந்தவை, கடினமானவை, எளிதில் தேயா. 1 சென்னின் கதை வேறு. தொடக்கத்தில் வெண்கலமாக இருந்த அது, 1973 முதல் செம்புத் தோல் போர்த்திய எஃகாயிற்று. காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் இரண்டும் தாமே பிரிந்துவிடும். செம்புத் தோல் தேய்ந்த இடத்தில் எஃகு துருப்பிடிக்கும். 2008 ஏப்ரல் முதல் விலையை 5 சென்னுக்கு முழுமையாக்கும் முறை வந்தபின் 1 சென் கடைகளில் காணாமற் போயிற்று. 2012இல் வந்த 5, 10 சென் காசுகளோ துருவேறா எஃகினால் ஆனவை.

நம் தோட்டத்துக்கே உரிய பகைவரும் உண்டு. வியர்வை ஒன்று. பால் உறைந்துவிடாதிருக்கக் கலக்கும் அமோனியா மற்றொன்று. அது செம்பைத் தின்னும் இயல்புடையது. அந்த ஈரம் பட்ட கையாலேயே காசைத் தொடுகிறோம்.

தேய்ந்த காசின் வாங்கும் சக்தி குறையுமா? இன்று குறையாது. 10 சென்னின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை. அதனை வெளியிட்டவர் தரும் உறுதியில் இருக்கின்றது. பொன் நாணயக் காலத்தில் அப்படியன்று. நகைக்கடையில் ஒரு பவுன் என்றால் எட்டுக் கிராம் என்கிறோமே, அந்த எடை ஆங்கிலேயரின் பொன் நாணயத்திலிருந்து வந்தது. 1868இல் ஜெவன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் ஆராய்ந்தபோது, புழக்கத்திலிருந்த பவுன்களில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்டவை தேய்ந்து, சட்டம் குறித்த எடைக்குக் கீழே போயிருந்தன.

சேகரிப்போர் காசை அதன் தேய்மானம் கொண்டே தரம் பிரிக்கின்றனர். அமெரிக்காவில் ஷெல்டன் என்பவர் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான புள்ளி முறை இன்று பல நாடுகளில் வழங்குகின்றது. 70 என்றால் குறையே இல்லாதது. 1 என்றால் இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிவது. சிலர் புழங்காத காசையன்றி வேறெதையும் தொடார். வேறு சிலரோ மிகவும் தேய்ந்த காசையே தேடிச் சேர்க்கின்றனர். அத்தனை கைகள் மாறி வந்திருக்கிறதே என்று. நம் மனம் இவர்கள் பக்கமே சாய்கின்றது.

ஆனால் ஒன்றில் இரு சாராரும் உடன்படுவர். தேய்மானத்தைப் பொறுப்பர், துலக்கலைப் பொறார். ஆண்டுக் கணக்கில் படிந்த கருமை காசின் இயற்கையான மேற்பூச்சு. புளி அதனைக் கரைக்கும். சாம்பலும் நாரும் மெல்லிய கீறல்களை இழுத்துவிடும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவது கண்ணாடியில் பார்த்தால் உழுத நிலம் போலிருக்கும். அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர எவராலும் இயலாது.

ஆகவே பெட்டியில் பழைய காசு இருப்பின் தேய்க்காதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இடுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். நாம் வெட்டும் பாலில் பிறந்ததுதான், எனினும் ரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். குழைவான பிளாஸ்டிக் உறையும் நாளடைவில் பச்சைப் பசையை விடும். விற்பதாயின் ஒரே கடையோடு நின்றுவிடாமல் இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். அதே வேளையில், கையிலிருக்கும் ஒவ்வொரு பழைய சென்னும் ஆயிரம் வெள்ளி பெறும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கோடிக்கணக்கில் அடித்து, நன்றாகத் தேய்ந்துபோன காசுக்கு அதன் முகமதிப்பே விலை.

அந்த மூதாட்டி காசுகளை விற்கவில்லை. சென்ற முறை சென்றபோது ஐந்தும் ஐந்து காகித உறைகளில் இருந்தன. உறையின் மேல் பேத்தியின் கையெழுத்தில் ஆண்டும் மன்னர் பெயரும். ஒன்றில் மீண்டும் இலேசாகக் கருமை படரத் தொடங்கியிருந்தது. அம்மையார் அதனை நம்மிடம் காட்டி, "இதைத் தொடலைங்க" என்றார்.