ஆறும் ஆற்றலும்

சீனத்துத் தாவோ சமயத்திற்கு மறைநூல்கள் மிகப் பல. 1445இல் மிங் அரசர் காலத்தில் நிறைவுற்ற பெருந்தொகையும் 1607இல் சேர்ந்த துணைத்தொகையும் ஏறத்தாழ 1,500 நூல்களை உடையன. வழிபாடு, மருந்து, மூச்சுப் பயிற்சி, சாகாக்கலை என விரியும் அப்பரப்பு, சித்தர் நூல் பயின்றோர்க்கு முற்றும் புதியதன்று. அவற்றுள் தலையாயது லாவோ ட்சு பெயரால் வழங்கும் தாவோ தே ஜிங். 81 இயல்களும் ஏறத்தாழ 5,000 எழுத்துகளும் கொண்ட சிறுநூல் அது. அதன் முதற்சொல்லைத் தமிழில் எவ்வாறு சொல்வது? இவ்வினா ஒன்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

வினா பழையது. காமரூப மன்னர் வேண்டியதன்பேரில் 647இல் இந்நூலை வடமொழியில் பெயர்க்குமாறு சீனப் பேரரசர் ஆணையிட்டார். பொறுப்பேற்றவர், காஞ்சி வரை வந்து சென்ற யுவான் சுவாங். 'தாவோ' என்பதற்குப் 'போதி' என்னும் சொல்லையே இடவேண்டும் என்றனர் தாவோ அறிஞர். அது புத்தர்தம் மெய்யுணர்வைக் குறிப்பது. இதற்கு 'மார்க்கம்' என்பதே பொருந்தும் என உறுதியாக நின்றார் அவர். பன்னூறாண்டு கழித்து, 1842இல் பாரிசில் இந்நூலைப் பிரெஞ்சில் வெளியிட்ட ஸ்தானிஸ்லாஸ் ழுலியேனும் 'வழி' எனப் பொருள்படும் 'வுவா' என்னும் சொல்லையே தேர்ந்தார். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் காரைக்காலுக்கு அம்மொழி புதியதன்று. தமிழில் இந்நூலைத் தந்த கவிஞர் சி. மணி (1936-2009) தலைப்பில் சீனப் பெயரையே நிறுத்திக்கொண்டார்.

தமிழில் சொல் இல்லையா? 'நெறி' உண்டு; ஆனால் அது மாந்தர் வகுத்த ஒழுக்கத்தின் சாயலுடையது; கன்பூசியருக்கே மிகப் பொருந்தும். 'வழி' உண்டு, பொதுச்சொல்லாய்ப் பழகி அது மெலிந்துவிட்டது. 'ஆறு' என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரே சொல் வழியையும் குறிக்கிறது. ஓடும் நீரையும் குறிக்கிறது. தாழ்விடம் நாடி எல்லாவற்றையும் வாழ்விக்கும் நீரையே லாவோ ட்சு தம் கருத்துக்குத் தலையாய உவமையாக்கினார். அவர் உவமையால் இணைத்த இரண்டையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

தடை ஒன்று எழலாம். சீனச் சொல்லுக்குச் 'சொல்லுதல்' என்னும் பொருளும் உண்டு. நூலின் தொடக்கமே அவ்விருபொருளில் விளையாடுகிறது. 'ஆறு' அதனைத் தாங்குமா? தனிச்சொல்லாகத் தாங்காது. எனினும் நம்மிடம் ஆற்றுப்படை இருக்கிறது. பரிசில் பெற்று மீள்பவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. பத்துப்பாட்டுள் ஐந்து அவ்வகையின. வழியும் மொழியும் அங்கே ஒன்றாகின்றன.

'தே' என்பதனைப் பலர் அறம் என்பர்; ஒரு பொருளின் உள்ளார்ந்த திறமும் அதில் அடங்கும். எனவே 'ஆற்றல்' என்பேன். 1973இல் மாவாங்துயி கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில் தே பகுதியே முன்னிற்கிறது. ஆதலின் 'ஆறும் ஆற்றலும்' என்னும் தலைப்பில் இரண்டும் சமமாகவே நிற்கட்டும்.

அரசலாறு கடல் சேரும் ஊரினர் நாம். கடைமடைக்கு நீர் வருமா என ஆண்டுதோறும் காத்திருப்பவர்கள். ஆறு என்னும் சொல்லின் அருமை நம்மினும் அறிந்தவர் யார்? வட்டத்துக் கவிஞர்கள் ஆளுக்கு ஓர் இயலேனும் இச்சொல்லை ஆண்டு பெயர்த்துப் பாருங்கள். சொல் தாங்குகிறதா இல்லையா என்பதனைக் கவிதையே தீர்ப்பளிக்கட்டும்.