குழந்தையின் பங்கை எழுதி வாங்க நீங்கள் யார்?



மாட்டுப் பொங்கலன்று திருவண்ணாமலையில் திருவூடல் தெருவே கொள்ளாது. அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் நடுத்தெருவில் ஊடல். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணாமலையார் அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். இந்தப் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி வழக்கு பஞ்சாயத்துக்கு வந்தால், ஒரு பெரியவர் கண்டிப்பாக இந்தக் கதையை எடுத்துவிடுவார். “சாமிக்கே சண்டை வருதும்மா, நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ!”

ஐயா பெரியவரே, கதையை ஒழுங்காகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருப்பது யார்? அம்மன். வெளியே ராத்தங்குவது யார்? சாமி. கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீசுவரராக வெளியே வரும்போது உடம்பிலேயே பாதி அவளுக்கு. பாதிக்குச் சொந்தக்காரி கோபித்துக்கொண்டதைக் காட்டி, கைக்குழந்தையோடு செங்கம் பஸ்ஸில் ஏற்றிவிடப்பட்ட பெண்ணை அனுசரிக்கச் சொல்ல எப்படி வாய் வருகிறது? அவள் வாழ்ந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அனுசரிப்பு பலிக்காவிட்டால் பஞ்சாயத்து அடுத்த அஸ்திரத்தை எடுக்கும். முத்திரைத்தாள்! “இன்று முதல் எங்களுக்குள் எந்த பந்தமும் இல்லை. நகையும் சீரும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எனக்கோ என் குழந்தைக்கோ எக்காலத்திலும் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்.” கீழே அவள் கையெழுத்து, இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி முத்திரை. டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு குடும்பமே தீர்ந்துவிடும்.

அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? இந்து திருமணச் சட்டப்படி கல்யாணத்தை முடிக்க நீதிமன்றத்தின் தீர்ப்பாணை வேண்டும். வழிவழியாக வந்த வழக்கப்படி தீர்த்துவிடும் சமூகங்களுக்கு 29ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க முடியாதவர் அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால், அவர் செய்தது இருதார மணம். அப்போது இரண்டாவதாக வந்த பெண்ணும் நடுத்தெருவில்தான்.

மணவிலக்கே நம் மண்ணுக்கு ஆகாது என்று சிலர் குதிக்கிறார்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு மணவிலக்கு உரிமையும் சொத்துரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சென்னை மாகாணம் 1949இலேயே இருதாரத் தடைக்கும் மணவிலக்குக்கும் சட்டம் செய்தது. தில்லியில் இந்து திருமணச் சட்டம் வந்தது 1955இல்தான்! இன்று இருவரும் சம்மதித்தால், ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகு சேர்ந்தே மனுப் போடலாம். அதன் பிறகுள்ள ஆறு மாதக் காத்திருப்பையும் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்பது 2017இன் தீர்ப்பு. நேர்வழி இப்படித் திறந்திருக்கக் குறுக்குவழி எதற்கு?

குறுக்குவழியில் முதலில் அடிபடுவது குழந்தை. “வம்சம் எங்களுது, புள்ளய விட்டுட்டுப் போ” என்கிறார்கள். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது 1956இன் சட்டம். அதற்கு மேல் வயதானாலும் நீதிபதி பார்ப்பது வம்சத்தை அல்ல, குழந்தையின் நலனை. பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்லர் என்பதை 1973இலேயே, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பன் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்றது ரிசர்வ் வங்கி. அவர் வழக்குப் போட்டார். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று 1999இல் தீர்ப்பு வந்தது.

அடுத்தது ஜீவனாம்சம். குழந்தையின் சோற்றையும் பள்ளிக் கட்டணத்தையும் எழுதிக் கொடுக்கத் தாய்க்கே அதிகாரம் இல்லை, எழுதி வாங்க ஊர்ப் பெரியவருக்கு ஏது? மனைவிக்கும் அதே கதைதான். கர்நாடகத்தில் ஒரு பெண் மொத்தமாக 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சமரசம் செய்துகொண்டார். பிறகு ஜீவனாம்ச வழக்குப் போட்டார். பழைய சமரசம் அதற்குத் தடையில்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்ற பேதமும் இல்லை. 1985இல் ஷா பானு வழக்கில் சொன்ன இதையே உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மீண்டும் உறுதி செய்தது.

புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டானா? அவனைத் தேடி அலைய வேண்டாம். பெண் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். “வேலை இல்லீங்க சாமி” என்று கைகட்டி நிற்கிறானா? 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். வங்கிக் கணக்கும் வண்டியும் அதில் வந்துவிடும். உடம்பில் தெம்புள்ளவன் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது.

இது ஆண்களுக்கு எதிரான சட்டம் என்று முணுமுணுப்பவர்களும் கேளுங்கள். வருமானமில்லாத கணவனும் இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளில் ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று தகப்பன் கேட்டால் நீதிமன்றம் நேரம் குறித்துக் கொடுக்கும். “பணம் தராவிட்டால் பிள்ளையைக் காட்ட மாட்டேன்” என்று அவளும், “பிள்ளையைக் காட்டாவிட்டால் பணம் கிடையாது” என்று இவனும் மல்லுக்கட்டுவதைச் சட்டம் ஏற்காது. இரண்டுமே குழந்தைக்குச் சேர வேண்டியவை.

சட்டம் மட்டும் போதுமா? நோட்டீஸ் கிடைத்த 60 நாளுக்குள் இடைக்கால ஜீவனாம்ச மனுவை முடிக்க முயல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாய்தா மேல் வாய்தா வாங்கி அதைச் சாகடிக்கும் வக்கீல்களும், பிரிவுப் பத்திரத்தில் முத்திரை குத்தும் நோட்டரிகளும் இந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துப் பெரியவர்கள் சமாதானம் பேசட்டும், தடுப்பார் யாருமில்லை. கையெழுத்து வாங்கும் வேலையை இன்றோடு விடுங்கள்!

தாய்மார்களே, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் போடுங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, குழந்தையின் பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, கணவருடைய வருமானம் பற்றி என்ன கிடைக்கிறதோ அது, எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். உத்தரவு கிடைத்த பிறகும் சும்மா இருக்காதீர்கள். எந்த மாதம் பணம் வரவில்லை என்று நோட்டில் குறித்து வையுங்கள். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும்.